ஹில் அசிஸ்ட் இருந்தா ஹேண்ட்பிரேக் தேவையில்லையா? மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

நெய்வேலி டவுன்ஷிப்பின் சமதளச் சாலைகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை பெரிய சோதனைதான். அங்கே ஹில் அசிஸ்ட்டை மட்டும் நம்பலாமா?

ஹில் அசிஸ்ட் என்ன செய்யும்?

ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும், சுமார் 2 விநாடிகள் கார் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கும். அதற்குள் கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்துவிட வேண்டும். மேனுவல் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கணக்குதான்.

ஹேண்ட்பிரேக் எப்போது?

வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது ஹேண்ட்பிரேக் போடுங்க. கிளட்ச்சிலேயே காரைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் பிளேட் கருகும்.

காரை விட்டு இறங்கும்போது?

ஹேண்ட்பிரேக்கோடு, ஏற்றத்தில் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ் கியர் கட்டாயம். ஹில் அசிஸ்ட் கிளம்புவதற்கு மட்டும்தான். நிறுத்தி வைக்க அல்ல.