எந்திரன் ஏன் சாக்கடைக்குள் இறங்கவில்லை?

நான் சினிமா விமர்சகன் இல்லை. கோட்பாடு கீட்பாடு படித்தவனும் இல்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு ஒயரிங் வேலை பார்க்கிறவன். சனிக்கிழமை கூலி கையில் கிடைத்தால் அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறி, சேலத்தில் ஏதாவது ஒரு தியேட்டரில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். பிடித்தால் விசில் அடிப்பேன், பிடிக்கவில்லை என்றால் தூங்குவேன். இப்படிப்பட்ட ஆளுக்கும் ஒரு கருத்து இருக்கும் இல்லையா? அதைத்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது அக்கா மகன். ஒன்பதாவது படிக்கிறான். டிவியில் 'எந்திரன்' ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று கேட்டான்: "மாமா, இந்த சிட்டி எல்லா வேலையும் செய்யுது. சமைக்குது, சண்டை போடுது, பிரசவம் பாக்குது. சாக்கடை மட்டும் ஏன் மாமா அள்ள மாட்டேங்குது?"

சிரித்துவிட்டு, "சும்மா பாருடா கண்ணு" என்றேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அறிவியல் புனைகதை, திரில்லர் என்று இப்போது சொல்கிற சரக்கு நம்ம ஊருக்குப் புதிதில்லை. ஏற்காடு ரோட்டில் இன்றைக்கு ஒரு முகப்பு வளைவாக மட்டும் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், 1952லேயே அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தை எடுத்தது. யானைகளுக்கு ரோமம் ஒட்டி, அழிந்துபோன மாமத் யானை என்று காட்டினார்கள். 1963இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து பாட்டுக்காரப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே எல்லாம் இருந்ததாம், இசைதான் இல்லையாம். டெண்டு கொட்டாய்க் காலத்திலிருந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கைதட்டி ஓட வைத்தவர்கள் நாம்தான். மண்ணைக் குவித்து உட்கார்ந்துதான் விண்வெளியைப் பார்த்தோம். விண்வெளியில் நம் ஆள் எவனாவது இருந்தானா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்போம்.

'ரோபோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது? செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் இருந்து வந்தது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலி இல்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. தமிழில் இதற்கு அகராதி தேட வேண்டியதில்லை. 'வெட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. பிணம் எரித்தவன், சாவுச் செய்தி கொண்டுபோனவன், செத்த மாட்டைத் தூக்கியவன், தப்படித்தவன் எல்லாரும் பார்த்த வேலையின் பெயர் அது. அந்த நாடகத்தில் ரோபோக்கள் கடைசியில் கலகம் செய்கின்றன. அதாவது ரோபோ கதை பிறந்தபோதே அது அடிமை உழைப்பின் கதை, அடிமையின் கலகக் கதை. எஜமானனின் பயமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இப்போது 2010இல் வந்த 'எந்திரன்' கதையைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே. சம்பளம் இல்லை, சோறு இல்லை, தூக்கம் இல்லை, சொன்ன வேலையைச் செய்கிற ஓர் ஆள். ஆளுக்கு மூளை உண்டு, உணர்ச்சி கிடையாது. அதுவரைக்கும் எல்லாருக்கும் செல்லம். உணர்ச்சி வந்ததும் அவன் எஜமானன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைக் காதலிக்கிறான். உடனே என்ன நடக்கிறது? வெட்டுகிறார்கள். துண்டு துண்டாக வெட்டிக் குப்பைமேட்டில் வீசுகிறார்கள். வெட்டியவன்தான் கதாநாயகன்.

இந்தக் கதையை நமக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா?

2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், இன்ஜினியரிங் முடித்த பையன். கூடப் படித்த, வேறு சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தான். கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தான். 2013இல் தர்மபுரி இளவரசன், அதுவும் தண்டவாளம்தான். 2016இல் உடுமலை சங்கர், பஸ் நிலையம் பக்கம் பட்டப்பகலில். படத்தில் வெட்டுப்பட்டது இரும்பு. தியேட்டரில் நானும் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

இன்னும் கேளுங்கள். வெட்டுப்பட்டவன் திரும்பி வருகிறான். எப்படி வருகிறான்? சிவப்பு சிப்பு வைத்துக்கொண்டு, கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு, ஸ்டைலாக. வந்ததும் கல்யாணப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்த காலத்தில் சாதிக்கட்சி மேடைகளில் என்ன பேசினார்கள்? 'ஜீன்ஸ் பேண்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு நம் பெண்களை மயக்குகிறார்கள்' என்ற பாட்டைத்தானே பாடினார்கள்? அடங்கி இருந்தால் 'நல்ல பையன்', தலை நிமிர்ந்தால் பெண்ணைத் தூக்குகிறவன். சினிமாவுக்கு ஒரு சிப்பு போதுமாக இருந்தது. ஊருக்கு ஒரு கண்ணாடி போதுமாக இருந்தது.

'டைரக்டர் இதையெல்லாம் நினைத்தா எடுத்தார்?' என்று நண்பர்கள் கேட்பார்கள். நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவே இல்லை. யாரும் நினைக்காமலே இப்படி ஒரு கதை வந்து விழுகிறது பாருங்கள், பொதுப்புத்தி என்பது அதுதான். அதே படத்தில் சேரி ஜனம் எப்படி வருகிறது? கதாநாயகி பரீட்சைக்குப் படிக்கும்போது கோயில் திருவிழா என்று ஸ்பீக்கர் அலற விடுகிற கூட்டமாக, கத்தி எடுத்து வருகிற ரவுடிகளாக. விஞ்ஞானம் ஒரு பக்கம், இரைச்சல் ஒரு பக்கம். நாம் எந்தப் பக்கம் என்பது டிக்கெட் வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

அடுத்து 2011இல் வந்த 'ஏழாம் அறிவு'. இதில் ஒளிவு மறைவே இல்லை. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசன் போதிதர்மன். அவன் வம்சத்தில் வந்தவன் சர்க்கஸில் வேலை பார்க்கிறான். அவன் ரத்தத்தில் முன்னோரின் திறமை தூங்கிக்கொண்டு இருக்கிறதாம், மரபணு ஆராய்ச்சி செய்கிற பெண் அதைத் தட்டி எழுப்புகிறாளாம். அதே படத்தில், திறமைசாலிகள் நாட்டை விட்டுப் போவதற்கு லஞ்சம், சிபாரிசு இவற்றோடு இடஒதுக்கீட்டையும் ஒரு காரணமாக அடுக்குகிற வசனம் வருகிறது. அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. நான் கேட்பது, அந்த வசனம் தெரியாமல் வந்து விழுந்ததா? இல்லை. திறமை ரத்தத்தில் வருகிறது என்று ஒரு பக்கம் சொன்னால், இடஒதுக்கீடு திறமைக்கு எதிரி என்று இன்னொரு பக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்றில் இருந்து இன்னொன்று தானாக வரும். கோத்திரம் என்று நேற்று சொன்னதை டி.என்.ஏ. என்று இன்று சொல்கிறார்கள்.

அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் இந்த வாதத்தை எடுத்துப் பிய்த்துப் போட்டிருக்கிறார். இந்த நாட்டில் ரத்தம் கலக்காத இனம் எதுவும் இல்லை, நல்ல சந்ததிக்காகச் சாதியை வகுத்தார்கள் என்பதற்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை என்று காட்டியிருக்கிறார். அந்த உரையைப் பேசவிடாமல்தான் லாகூர் மாநாட்டையே நிறுத்தினார்கள். 75 வருசம் கழித்து அதே பழைய சரக்கு, கோட்டு போட்ட விஞ்ஞானி வேசத்தில் திரையில் வருகிறது. மாணவத் தோழர்கள் அந்த நூலை இந்தப் படத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டுவது என் நோக்கம் இல்லை. 2021இல் வந்த 'மாநாடு' எனக்குப் பிடித்திருந்தது. முதலமைச்சரைக் கொன்று பழியை முஸ்லிம் தலையில் கட்டப் பார்க்கிற சதியை, முஸ்லிம் கதாநாயகனே திரும்பத் திரும்ப அதே நாளில் விழித்து எழுந்து முறியடிக்கிறான். தைரியமான படம். ஆனால் நாள் ஏன் திரும்புகிறது என்று விளக்க வந்தபோது விஞ்ஞானம் கைகொடுக்கவில்லை, உஜ்ஜயினி கால பைரவர் கோயில் வந்துவிட்டது. 2024இல் தெலுங்கில் இருந்து வந்த 'கல்கி 2898 ஏ.டி.'யைக் கேட்கவே வேண்டாம். எண்ணூறு வருசத்துக்கு அப்பால் போய்ப் பார்த்தாலும் அங்கே அசுவத்தாமன் நிற்கிறான், காண்டீபம் இருக்கிறது, கர்ணன் திரும்ப வருகிறான். பறக்கிற வண்டி வந்த பிறகும் அவதாரத்துக்குத்தான் காத்துக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

அதே 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வேற்றுக்கிரகத்தில் இருந்து வந்த ஒன்றோடு கதாநாயகன் தோள் மேல் கை போட்டுச் சிநேகம் வைக்கிறான். தியேட்டரே உருகுகிறது. நான் ஒயரிங் வேலைக்குப் போகிற ஊர் ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். அங்கே ஒரு வீட்டில் புழக்கடை வழியாகத்தான் என்னை உள்ளே விட்டார்கள். தண்ணி கேட்டபோது சொம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றினார்கள். என் கை இழுத்த ஒயர் வழியாகக் கரண்டு சாமி ரூம் வரைக்கும் போகலாம், நான் போகக்கூடாது. எங்க காலனிக்கும் அந்த வீட்டுக்கும் மூணு கிலோமீட்டர்தான். வேற்றுக்கிரகம் அதைவிடப் பக்கம் போலிருக்கிறது.

கால எந்திரப் படங்களும் வரிசையாக வந்தன. 2015இல் 'இன்று நேற்று நாளை'யில் எந்திரம் கையில் கிடைத்ததும் தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துத் தந்து காசு பார்த்தார்கள். 2016இல் '24' படத்தில் ஒரு கைக்கடிகாரம் காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தியது. அந்தக் கடிகாரம் என் கையில் கிடைத்தால் எங்கே திருப்புவேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். 2015 ஜூன் 23 காலைக்குத்தான் திருப்புவேன். அந்த மலைக் கோயில் படிக்கட்டில் போய் நின்று, 'தம்பி, வீட்டுக்குப் போயிருப்பா' என்று சொல்லுவேன். அப்புறம் யோசித்தால் அதுவும் தப்பு. அவன் ஏன் போகவேண்டும்? போகவேண்டியவர்கள் கூட்டிக்கொண்டு போக வந்தவர்கள் அல்லவா?

அந்த வழக்கில் நிஜமான விஞ்ஞான திரில்லர் ஒன்று இருக்கிறது. முக்கியமான சாட்சி பிறழ்ந்தார். கோயிலில் வைத்திருந்த சி.சி.டி.வி. கேமரா பிறழவில்லை. அதில் பதிவானதைக் கொண்டுதான் வழக்கு நின்றது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023 ஜூனில் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. சாதி பார்க்காத ஒரே சாட்சி ஓர் எந்திரம். இந்தக் கதையை எந்த 'சயின்ஸ் பிக்‌ஷன்'காரர் எடுப்பார்?

இப்போது அக்கா மகன் கேள்விக்கு வருகிறேன். சாக்கடை அள்ளுகிற ரோபோ இல்லையா? இருக்கிறது. கேரளத்து இளைஞர்கள் செய்த 'பண்டிகூட்' 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறங்கியது. சென்னை ஐ.ஐ.டி. 'ஹோமோசெப்' என்று செப்டிக் டேங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. ஆக, எந்திரம் இல்லை என்பது காரணம் இல்லை. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இல் சட்டம் போட்டார்கள், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? எந்திரத்தை வாங்கினால் பணம் கட்டவேண்டும், பழுது பார்க்கவேண்டும். நம் ஆளை இறக்கினால் ஒரு குவார்ட்டரும் சில நூறு ரூபாயும் போதும். இந்த நாட்டில் எந்திரத்தை விட விலை குறைந்த ஓர் எந்திரத்தைச் சாதி தயாராகச் செய்து வைத்திருக்கிறது.

'விட்டுத்தள்ளு, வெறும் பொழுதுபோக்குதானே' என்று சொல்லாதீர்கள். விஞ்ஞானக் கனவு காண்பது யாருடைய உரிமை என்பது உயிர் போகிற பிரச்சினை. கார்ல் சேகனைப் போல விஞ்ஞானம் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான் ரோகித் வெமுலா. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழக விடுதி அறையில் இறந்துபோனான். மறு வருசம் மார்ச்சில் டெல்லியில் நம்ம சேலத்துப் பையன், ஆய்வு மாணவன். ரஜினி மாதிரி நடித்துக் காட்டுவான் என்று நண்பர்கள் ரஜினி பெயர் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். சாவதற்குச் சில நாள் முன்பு, ஆராய்ச்சிப் படிப்பு சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று எழுதி வைத்திருந்தான். 'சிட்டி'க்கு விசில் அடித்த கூட்டத்தில் அவனும் எங்காவது உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

பெரியார் 1940களிலேயே 'இனிவரும் உலகம்' எழுதினார். ஆளுக்கொரு கம்பியில்லாத் தொலைபேசி வரும், சோதனைக் குழாயில் பிள்ளை உண்டாகும், கடும் உழைப்பை எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார். போன் வந்துவிட்டது, குழாய்ப் பிள்ளையும் வந்துவிட்டது. வராதது மூன்றாவதுதான். அதில் விஞ்ஞானிக்கு வேலை பாதிதான். மீதி நம்முடையது.

அதனால் தோழர்களே, படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை நானும் பஸ் ஏறத்தான் போகிறேன். பாருங்கள், விசில் அடியுங்கள், வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள்: இந்த எதிர்காலத்தில் நம்ம தெரு எங்கே? இந்த எந்திரம் யார் வேலையைச் செய்கிறது? யார் ரத்தத்தை உசத்தி என்கிறது? கேட்டதை எழுதுங்கள். நம் விஞ்ஞானக் கதையை நாமே எழுதுவோம். பேனாவும் இருக்கிறது, போனில் கேமராவும் இருக்கிறது.

அக்கா மகன் ஆரம்பித்துவிட்டான். நோட்டில் ஒரு ரோபோ வரைந்திருக்கிறான். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நீளமான குழாய், நெற்றியில் லைட்டு. பேர் என்னடா வைக்கப் போறே என்றேன். "தெரியல மாமா. ஆனா இது காலனிக்குத்தான் முதல்ல வரும்" என்றான்.