கூட்டாட்சியும் குடிமக்கள் கடமையும்

கல்லூரி அன்னையின் விழா மலரில் அரசியல் பேசுதல் பொருந்துமோ என்று அன்பர் சிலர் ஐயுறலாம். கட்சி அரசியல் பேசுதல் பொருந்தாது என்பதே எம் கருத்தும் ஆகும். ஆயின், அரசியல் என்பது கட்சிகளுக்கு மட்டும் உரிய பொருளன்று. ஊர்க் கிணற்று நீரை யார் காப்பது, பிள்ளைகள் படிக்கும் பள்ளியை யார் நிருவகிப்பது, தெருவிளக்கு எரியாவிடின் யாரிடம் முறையிடுவது என்பனவும் அரசியலே. இவற்றையெல்லாம் குடியியல் என்னும் பெயரால் இக்கல்லூரியின் வகுப்பறைகளிலே கற்றோம். சோதனைக்காக மனனஞ் செய்து, சோதனை முடிந்த அன்றே மறந்த மாணவருள் யானும் ஒருவன். அப்பாடத்தை மீட்டும் எடுத்துப் படித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டாட்சி என்றும் சமஷ்டி என்றும் வழங்கப்படும் ஆட்சிமுறையைப் பற்றி நம் நாட்டிற் பேசப்படாத நாளில்லை. எனினும், அதனை வேண்டுவோரும் வெறுப்போரும் அதன் இயல்பை உள்ளவாறு உணர்ந்தனரோ என்பது ஐயமே. வன்னியிலும் மட்டக்களப்பிலும் குளத்து நீர்கொண்டு வயல் செய்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. குளம் ஒன்று, அதன் கட்டு எல்லார்க்கும் பொது. வாய்க்கால்களோ பல. காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் ஒன்றுகூடி, எவ்வளவு பரப்பு விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்று முடிவு செய்வர். தத்தம் வயலுக்குரிய வாய்க்காலைத் தாமே துப்புரவு செய்வர். நீரில் உரிமையுடையவன் மண்வெட்டி வேலையிலும் பங்குடையவன். வாய்க்கால்கள் பலவாயின என்பதனாற் குளம் பிளவுபட்டது என்று எவரும் கூறார். நாட்டுக்குப் பொதுவான பாதுகாப்பு, வெளிநாட்டுறவு, நாணயம் முதலியவற்றை நடுவண் அரசு பேண, கல்வி, காணி, கமத்தொழில், சுகாதாரம் போன்றவற்றை மாநிலங்கள் பேணுதலும், அப்பங்கீட்டை ஒரு பக்கத்தார் தம் விருப்பப்படி மாற்றவியலாதவாறு அரசியலமைப்புக் காத்தலுமே கூட்டாட்சியாகும்.

இதனைப் பிரிவினை என்பார் உளர். கூட்டாட்சியை வேண்டுதல் தனிநாடு கோருதல் ஆகாது என்று இலங்கை உயர் நீதிமன்றமே 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தீர்ப்பளித்தது. இக்கருத்தைத் தமிழரே முதலிற் கண்டனர் என்பதும் தவறு. 1926 இல், ஒக்ஸ்போட்டிற் பயின்று மீண்ட இளைஞராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா இலங்கைக்குக் கூட்டாட்சியே ஏற்றது எனப் பத்திரிகையில் எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு வந்தும் அதனை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில், டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டிய தேசிய சபையார் மலைநாட்டுக்கும், கரைநாட்டுக்கும், வடக்குக் கிழக்குக்கும் தனித்தனித் தன்னாட்சி வேண்டும் என்று கேட்டனர். 1949 இல் தமிழரசுக் கட்சி இக்கோரிக்கையைக் கையேற்றது. 1957 இல் பண்டாரநாயக்காவும் 1965 இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகம் அவர்களுடன் செய்த உடன்படிக்கைகள், கூட்டாட்சியிலும் மிகக் குறைந்த அதிகாரப் பங்கீட்டையே கூறின. அவைதாமும் நிறைவேற்றப்படவில்லை. 1972 ஆம், 1978 ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புக்கள் ஒற்றையாட்சியை எழுத்தில் வரைந்தன. பின்னர் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் இழப்பை இம்மலரைப் படிக்கும் இல்லங்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கூட்டாட்சி ஓரினத்தாரின் குறை தீர்க்கும் மருந்து மட்டும் அன்று. முழு நாட்டின் முன்னேற்றத்துக்கும் அது வழியாம். அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றே இதற்குச் சான்று பகரும். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி நாடெங்கும் ஒரே கட்டளையால் தடுக்கப்பட்டது. பொலன்னறுவையின் நெல்வயலுக்கும், நுவரெலியாவின் தேயிலைக்கும், யாழ்ப்பாணத்தின் வெங்காயத் தறைக்கும் கட்டளை ஒன்றே. மண் வேறு, பயிர் வேறு, பருவம் வேறு என்பதை எண்ணிப் பார்ப்பார் இலர். விளைச்சல் வீழ்ந்தது, சில மாதங்களில் தடையும் நீக்கப்பட்டது. இயற்கை உரம் நன்று என்னும் எண்ணத்தில் தவறில்லை. ஒரு மாகாணம் தன் மண்ணிற் சிறிது சிறிதாய்ச் செய்து பார்த்திருப்பின், வென்றவிடத்து ஏனையோர் பின்பற்றியிருப்பர். தோற்றவிடத்து ஒரு மாகாணத்தின் நட்டத்தோடு பாடம் முடிந்திருக்கும். தவறு ஓரிடத்தில் நிற்கவும் நல்லது எங்கும் பரவவும் இடந்தருதல் கூட்டாட்சியின் பெரும்பயன்.

பிறநாட்டு அனுபவமும் இதனை வலியுறுத்தும். சுவிற்சர்லாந்து 1847 இல் உள்நாட்டுப் போர் கண்ட நாடு. போரில் வென்றோர் தோற்றோரை ஒற்றையாட்சிக்குள் அடக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே கூட்டாட்சி அரசியலமைப்பை ஆக்கினர். இன்று அங்கே நான்கு தேசிய மொழிகளும், கன்ரன் எனப்படும் இருபத்தாறு மாநிலங்களும் உள்ளன. ஆயின், அந்நாட்டின் வேர் மாநிலத்தில் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளில் உள்ளது. ஊராட்சியின் வரவு செலவையும் வரி வீதத்தையும் பல ஊர்களில் மக்களே கூடி முடிவு செய்வர். ஊர்ப் பதவிகளுட் பல, வேறு தொழில் செய்வோர் ஓய்வு நேரத்தில் ஆற்றும் பணிகளாம். 2012 இல், தொழிலாளர் யாவர்க்கும் ஆண்டுக்கு ஆறு வார விடுமுறை வேண்டுமா என்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. நாட்டின் தொழில்வளம் தாங்காது எனக் கருதிப் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். அத்தீர்ப்புச் சரியோ தவறோ, தமக்கு வரும் நன்மையின் விலையைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் அம்மக்களுக்கு உண்டு.

மற்றொன்றும் கருதத்தக்கது. பேர்ண் மாநிலத்துள் அடங்கியிருந்த யூராப் பகுதியின் பிரெஞ்சு மொழியாளர் தமக்கு வேறு மாநிலம் வேண்டினர். 1974 இல் அப்பகுதி மக்கள் வாக்களித்தனர். 1978 இல் நாடு முழுவதும் வாக்களித்து அதனை ஏற்றது. 1979 இல் யூரா தனி மாநிலமாயிற்று. நாட்டிற் பெரும்பான்மையோர் ஜேர்மன் மொழியினர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. எனினும், அந்நாட்டைக் குறைகளற்றதெனல் பொருந்தாது. பெண்களுக்கு நாட்டளவில் வாக்குரிமை வழங்க 1971 வரை தாமதித்த நாடும் அதுவே. நாற்பதாண்டு முன்னரே, 1931 இல், இலங்கைப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றுவிட்டனர்.

நம் அயலிலும் பாடம் உண்டு. பாக்கிஸ்தான் பெயரளவிற் கூட்டாட்சியாயிருந்தும் அதிகாரத்தை மேற்கிலேயே குவித்தது. 1970 ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவை மதியாது, 1971 இல் கிழக்கை இழந்தது. இந்தியாவோ 1956 இல் மொழிவழி மாநிலங்களை அமைத்தது. தனிநாடு கேட்ட திராவிட முன்னேற்றக் கழகம் 1963 இல் அக்கோரிக்கையைக் கைவிட்டு, 1967 இல் சென்னை மாநில ஆட்சியை ஏற்றது. மடை திறந்தவிடத்துக் கட்டு உடையவில்லை.

இதுகாறும் கூறியவற்றை நம்மவர் பலர் தலையசைத்து ஏற்பர். இனிக் கூறுவது அத்துணை இனிமையாயிராது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. அது கூட்டாட்சி அன்று. ஆளுநரின் நிழலில் நிற்கும் குறைந்த பங்கீடே. வட மாகாண மக்கள் தம் சபையை முதன்முறை தெரிந்தது 2013 இல். அதன் காலம் 2018 இல் முடிந்தது. 2019 முடியுமுன் ஒன்பது மாகாண சபைகளும் உறுப்பினரின்றி ஆயின. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. உள்ளூராட்சித் தேர்தலும் 2023 இல் நடைபெறாது, 2025 மே மாதத்திலேயே நடைபெற்றது. பெரிய அதிகாரத்தை எழுபதாண்டாகக் கேட்டுவரும் நாம், கையிலிருந்த சிறிய அதிகாரம் பறிபோனபோது எத்துணைபேர் வருந்தினோம்? கோயில் திருவிழா ஓராண்டு தடைப்பட்டிருப்பின் ஊர் அமைதியாய் இருந்திருக்குமா?

நம் கல்லூரிகளின் நிலையையே எடுத்துக்கொள்வோம். மாகாணப் பாடசாலை மாகாண நிருவாகத்தின் கீழ் உள்ளது. தேசிய பாடசாலை கொழும்பிலுள்ள அமைச்சின் கீழ் உள்ளது. மேடையில் கல்வி அதிகாரம் மாகாணத்துக்கே வேண்டும் என்று முழங்குகிறோம். ஆயின், நம்மூர்ப் பள்ளி தேசிய பாடசாலையாக உயர்த்தப்பட்டது என்று கேட்டால் வெடி கொளுத்தி மகிழ்கிறோம். பணமும் பெருமையும் அங்கிருந்தே வருகின்றன என்பது உண்மைதான். பெற்றாரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. எனினும், அதிகாரத்தை ஒருபக்கம் கேட்டுக்கொண்டு, பொறுப்பை மறுபக்கம் கொழும்புக்கே அனுப்பும் இவ்வழக்கத்தை நாம் நேர்மையாய் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர் இவ்வாறிருந்தாரல்லர். சுவிற்சர்லாந்து தன் அரசியலமைப்பை ஆக்கிய அதே 1848 இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் வழிவந்தோர் வீடுவீடாய்ப் பிடியரிசி திரட்டியும் காணி உவந்தளித்தும் பள்ளிகளை வளர்த்தனர். 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை இப்பள்ளிகள் ஊராரின் கணக்கிலும் கண்காணிப்பிலுமே நடந்தன. 1933 இல் க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்தில் வைத்துத் தொடங்கிய சிறு நூற்சேகரம், பின் மாநகரத்தின் பொது நூலகமாய் வளர்ந்து, 1959 இல் எழில்மிகு கட்டடம் கண்டது. 1981 இல் தீவைக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ஒருவர் முயற்சியும் ஊர்மன்றத்தின் பொறுப்பும் கூடினால் எதனை ஆக்கலாம் என்பதற்கும், மக்கள் பாதுகாப்பைத் தொலைவிலுள்ள அதிகாரம் கைவிட்டால் எது நேரும் என்பதற்கும் அந்நூலகமே சான்று.

‘முதலிற் கடமையைச் செய்யுங்கள், பின்னர் அதிகாரம் தருவோம்’ என்று ஆள்வோர் கூறுவாராயின், அதனை யாம் ஏற்கமாட்டோம். ‘சுதேசிகள் இன்னும் தகுதி பெறவில்லை’ என்று பிரித்தானியர் கூறியதும் இதுவே. உரிமை கடமைக்குக் கூலியன்று. ஆயின், கடமையிற் பழகாதார் கையிற் கிடைத்த உரிமை நிலையாது. வாய்க்காலைத் தூர்க்கவிட்டு மதகைத் திற என்று கேட்பதாற் பயன் யாது?

ஆதலின், இன்று நம்மாற் செய்யக்கூடியன சில உள. சோலைவரியை உரிய காலத்திற் கட்டுதல் வேண்டும். கட்டிய பணம் எவ்வழிச் சென்றது என்று கேட்டலும் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை செய்யும். பழைய மாணவருட் பொறியியலாளர், கணக்காளர், மருத்துவர், நிருவாக சேவையாளர் எனப் பலர் உளர். அவர்கள் ஓய்வுபெற்றபின் தம் பிரதேச சபைக்கு வாரத்தில் ஒருநாள் அறிவுரை நல்கினால், ஊர்க் குப்பையும் வடிகாலும் நிலத்தடி நீரும் இத்துணைச் சீர்கேடு அடையா. தகுதியுடையோர் ‘அரசியல் சாக்கடை’ என்று ஒதுங்கியிருப்பின், அச்சாக்கடையைத் துப்புரவு செய்பவர் யார்? கடல் கடந்து வாழும் பழைய மாணவர் அனுப்பும் பொருள், இக்கல்லூரி மதிலோடு நில்லாது, அயலிலுள்ள சிறு பள்ளிகளுக்கும் செல்லல் வேண்டும்.

இன்னொரு கடமை இவையனைத்தினும் அரியது. அதிகாரம் நம் கைக்கு வருமாயின், நம்மிற் சிறுபான்மையோர் நிலை யாது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை நம் வரலாற்றில் அழியாத வடு. சாதியின் பெயரால் ஒருவனை ஊர்க் கிணற்றினின்றும் விலக்கியவர், கொழும்பு தம்மை விலக்குகிறது என்று முறையிடும்போது அச்சொல் வலிமை பெறுமா? கொழும்பிடம் நாம் கேட்கும் நீதியை நம் அயலான் நம்மிடம் கேட்குமுன் அளித்தல் வேண்டும். கூட்டாட்சிக்கு நாம் தகுதியுடையோம் என்பதைச் சிங்கள மக்களுக்கு உணர்த்தும் வழியும் அதுவே.

மாணவ நண்பர்களே, உங்கள் மாணவர் மன்றத்தை விளையாட்டாய் எண்ணாதீர்கள். தோற்றபோது தீர்ப்பை ஏற்கவும், வென்றபோது தோற்றவனின் சொல்லைக் கேட்கவும் அங்கேதான் பழகுவீர்கள். தமிழை உயிரெனப் போற்றுங்கள், சிங்களத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கை அயலானுக்கு அவன் மொழியில் எடுத்துரைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஆசிரியப் பெருமக்களே, குடியியலை வகுப்பறையோடு விடாது, மாணவரை ஒருமுறையேனும் பிரதேச சபைக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கூட்டாட்சி எந்நாள் வருமென்று எம்மாற் சொல்லவியலாது. அது கொழும்பில் எழுதப்பட வேண்டிய சாசனம். ஆயின், அதனை ஏற்று நடாத்தும் மக்களை உருவாக்கும் வேலைக்கு எவருடைய கையொப்பமும் வேண்டியதில்லை. நம் முன்னோர் இக்கல்லூரியை எழுப்பியதும் அவ்வேலைக்கே. விழாக் கொண்டாடும் நாம் அவர் விட்ட இடத்தினின்றும் தொடங்குவோமாக.