பண்புப் பட்டியல் போதாது, சான்று வேண்டும்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி விரிவானமாக வைக்கப்பட்டிருக்கிறது. பசித்து வந்த வழிப்போக்கனுக்கு ஆகாரம் கிடைக்கச் செய்கிறான் அன்னமய்யா. அவன் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தத்தை எழுதச் சொல்கிறது பாடத்தின் கேள்வி. அருமையான கேள்விதான். அவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று தேடிப் படித்தால்தான் அதற்கு உண்மையான விடை எழுத முடியும். ஆனால் நோட்ஸில் அச்சாகி வந்த விடையை உருப்போட்டவருக்கும் அதே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அன்பு, இரக்கம், விருந்தோம்பல் என்று மூன்று சொற்களை அடுக்கினால் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லியாயிற்று என்றாகிவிட்டது. இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்பில் தொடங்குவதில்லை. அதைக் கீழ் வகுப்புகளிலேயே மாற்ற வேண்டும். முழுச் சிறார் நாவல் ஒன்றை வகுப்பில் சேர்ந்து வாசித்து, அதன் மாந்தரைப் பற்றிச் சான்றோடு வாதாட வைப்பதே அதற்கு நல்ல வழி.

மாந்தரைச் சான்றோடு எடைபோடும் இந்த முறை, நான் மனத்தில் வைத்துப் பேசும் தருமபுரி மாவட்டத்துக்குப் புதிய பாடமல்ல. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்த மண்ணை ஆண்ட அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களைப் பாருங்கள். ‘வீரன், வள்ளல்’ என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. 94ஆம் பாடலில், நீர்த்துறையில் படுத்து ஊர்ச் சிறுவர்கள் தன் தந்தத்தைக் கழுவ விட்டுக்கொடுக்கும் யானையையும், மதம் பிடித்தால் நெருங்க முடியாத அதே யானையையும் காட்டுகிறார். எங்களுக்கு நீ இனியவன், பகைவருக்கு நீ கொடியவன் என்கிறார். ஒரே ஆளிடம் இரண்டு இயல்புகள். எது யாரிடம் வெளிப்படுகிறது என்பதே அவரது கவனம். பண்பு என்பது ஆளின் மேல் ஒட்டிய சீட்டு அல்ல, சூழலில் தெரியவரும் நடத்தை என்னும் பார்வை இதில் இருக்கிறது.

வகுப்பறைக்கு ஏற்ற நூல் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி 1981இல் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறது. தன் வாழ்க்கையையே அவர் கதையாக எழுதியதால் அதைக் கறாராக நாவல் என்று சொல்ல முடியாது. ஆனால் நாவல்போலவே வாசிக்கலாம். மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், சன்னலருகே நின்று தெருப் பாட்டுக்காரர்களை அழைக்கிறாள் என்று முதல் பள்ளி சிறுமி டோட்டோ-சானை வெளியேற்றுகிறது. அடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி மணிக்கணக்கில் அவள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்கிறார். சிறுமி மாறவில்லை, பார்ப்பவர் மாறினார். இதை வைத்து வகுப்பை இரண்டு அணியாகப் பிரிக்கலாம். ஒரு அணி முதல் ஆசிரியை அம்மாவுக்கு எழுதும் புகார்க் கடிதத்தை எழுதட்டும். மற்ற அணி அதே செயல்களைச் சொல்லி கோபயாஷியின் குறிப்பை எழுதட்டும். கரும்பலகையில் நான்கு பத்தி போட்டு, பண்பு, அதைக் காட்டும் செயல், பக்க எண், அதற்கு எதிரான சான்று என்று நிரப்பலாம். ஒரு மாணவர் கதைமாந்தராக நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். புத்தகத்தில் ஆதாரம் இல்லாத பதில் செல்லாது என்ற ஒரு விதி போதும்.

‘எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்பது நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.54 விழுக்காட்டுடன் மாநிலத்திலேயே எழுத்தறிவில் கடைசியில் நின்றது தருமபுரி. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகளும் இங்கே உண்டு. தொடக்க வகுப்புகளில் அடிப்படையைச் சரிசெய்ய 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது, அது தேவையானது. ஆனால் வாசிப்பு முழுதாக வந்த பிறகுதான் சிந்தனை என்று காத்திருந்தால், திணறும் பிள்ளைக்கு அந்த நாள் வராமலே போகலாம். ஆசிரியர் வாய்விட்டு வாசித்தால், எழுத்தில் தடுமாறுபவரும் மாந்தரை எடைபோட முடியும். கதையில் வரும் சிறுமி பொய் சொன்னாளா, எந்த இடத்தில் என்று சண்டை வந்துவிட்டால், அந்த வரியைக் கண்டுபிடிக்க அவர்களே பக்கத்தைப் புரட்டுவார்கள். தேவையோடு தேடும் அந்த மறுவாசிப்பைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி கிடையாது.

நேரமும் நூலும் இல்லை என்பது அடுத்த தடை. சிறு சிறு அத்தியாயங்கள் கொண்ட நூலுக்கு ஒரு பாடவேளையில் ஒரு அத்தியாயம் போதும். ஆசிரியர் கையில் ஒரு படி இருந்தாலும் தொடங்கிவிடலாம். பெரியவர்களையும் ஆசிரியர்களையும் குறைசொல்லப் பிள்ளைகளைப் பழக்குவதாகாதா என்றும் சிலர் தயங்குவார்கள். நடப்பது இதற்கு நேர்மாறு. ஆதாரம் இல்லாமல் யாரையும் குறைசொல்லக் கூடாது என்பதைத்தான் இந்தப் பயிற்சி கற்றுக்கொடுக்கிறது. குழந்தைத் திருமணச் செய்திகள் இன்னும் ஓயாத மாவட்டம் இது. ‘அடக்கமான பெண்’, ‘அடங்காத பெண்’ என்ற ஒரு சொல்லே ஒரு சிறுமியின் படிப்பை முடித்துவைக்கக்கூடிய இடத்தில், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டும். வகுப்பில் உள்ள ஒருவரைச் சுட்டாமல், கதை மாந்தரை முன்னிறுத்தி இதைப் பேச முடிவது நாவல் தரும் பாதுகாப்பு.

இதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ தேவையில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் பண்புநலன் வினாக்களில் ‘கதையிலிருந்து இரண்டு சான்று தருக, எதிர்ச்சான்று ஒன்று இருந்தால் குறிப்பிடுக’ என்று சேர்க்கட்டும். திருத்துபவர்கள் பண்பின் பெயருக்குக் குறைவாகவும் சான்றுக்குக் கூடுதலாகவும் மதிப்பெண் போடட்டும். தேர்வு மாறினால் நோட்ஸும் மாறும், வகுப்பும் மாறும். அதுவரை காத்திராமல், தருமபுரியின் தமிழாசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒரு சிறார் நாவலுக்கு ஒதுக்கித் தொடங்க வேண்டும்.