பெயர்ப் பலகையில் இல்லாதவர்கள்

2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் தேதி, சென்னை ராயப்பேட்டையிலுள்ள எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்தில் நிறுவப்பட்டிருந்த கண்ணாடிச் சுவர் ஆடுகளத்தில், ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், அனாஹத் சிங் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக வெற்றிகொண்டு, ஹாங்காங் அணியை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்து, ஸ்குவாஷ் உலகக் கோப்பையை முதன்முறையாக இந்தியாவுக்குப் பெற்றுத் தந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது என் உள்ளத்தில் எழுந்த சந்தோஷத்தோடு, அந்த மனையின் பூர்வ சரித்திரமும் சேர்ந்தே நினைவுக்கு வந்தது. எக்ஸ்பிரஸ் எஸ்டேட் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்த அந்த நிலம், சுதந்திரம் வந்த காலத்தில் ராம்நாத் கோயங்காவின் கைக்கு மாறுவதற்கு முன்னர், 1832-இல் ஸ்தாபிக்கப்பட்ட மெட்ராஸ் கிளப்பின் இருப்பிடமாக இருந்தது. ஐரோப்பிய ஆடவர்களைத் தவிர வேறு எவரும் அங்கத்தினராக முடியாதென்ற விதியோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நடந்துவந்த ஸ்தாபனம் அது. எந்த நிலத்தில் ஓர் இந்தியன் பணியாளனாகவன்றி நுழைந்திருக்க இயலாதோ, அதே நிலத்தில் சென்னையில் வளர்ந்த ஒரு பெண்மணி தேசத்தின் சார்பில் மட்டை பிடித்து ஆட, கடைக்கு வந்தவர்களும் நின்று பார்க்கும்படியாக அந்த ஆட்டம் நடந்தேறியது.

கிளப்புகளின் சரித்திரத்தை நாம் எழுதும் முறையில் ஒரு பெருங்குறை இருப்பதாக எனக்கு நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. நூற்றாண்டு விழா மலர்களை எடுத்துப் பாருங்கள்: தலைவர்களின் வரிசை, கவர்னர் விஜயம் செய்த நாளின் புகைப்படம், கட்டடத்துக்கு அஸ்திவாரமிட்டவரின் பெயர், கேடயங்களை வென்ற அங்கத்தினர்களின் பட்டியல். மண்டபத்தில் பொன்னெழுத்துப் பலகையும் இதையேதான் சொல்லும். ஆனால் விடியற்காலையில் வந்து தரையைத் துடைத்து, ஆட வந்த அங்கத்தினருக்குத் துணை இல்லாதபோது எதிர்நின்று ஆடி, அவர் மகனுக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, முப்பது நாற்பது ஆண்டுகள் அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே தம் ஆயுளைக் கழித்த மார்க்கர்களின் பெயரோ, பந்து பொறுக்கிப் போட்ட பையன்களின் பெயரோ அவற்றில் தென்படுவதில்லை. ஆட்டத்தின் உண்மையான சரித்திரம் இவர்களிடமே இருக்கிறது.

இதற்கு ஸ்குவாஷ் வீரர் ஹாஷிம் கானைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை. பெஷாவருக்கு அருகேயுள்ள நவாகிலே என்னும் கிராமத்தில் பிறந்தவர் அவர். அவருடைய தகப்பனார், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் கிளப்பில் உத்தியோகம் பார்த்தவர். அங்கிருந்த ஆடுகளங்களுக்குக் கூரை இல்லை. ஆகையால் சுவரைத் தாண்டி வெளியே விழும் பந்துகளை எடுத்து வீசச் சிறுவர்கள் வேண்டியிருந்தது. தந்தையை இளமையிலேயே இழந்த ஹாஷிம் அந்த வேலையைச் செய்தார். நடுப்பகல் வெயிலுக்கு அஞ்சி அதிகாரிகள் உள்ளே ஒதுங்கிய வேளைகளில், வெறுங்காலோடு, கொதிக்கும் தரையில், எதிராளி எவருமின்றித் தமக்குத் தாமே எதிராளியாக நின்று பழகினார். 1944-இல் பம்பாயில் நடந்த அகில இந்தியப் போட்டியில் வென்றார். அவரிடம் தோற்ற அப்துல் பாரி, தேசப் பிரிவினைக்குப் பிறகு இந்தியாவிலேயே தங்கி, 1950-இல் பிரிட்டிஷ் ஓப்பன் இறுதியாட்டம்வரை சென்றார் என்ற செய்தியே, பாகிஸ்தான் ஹாஷிமை லண்டனுக்கு அனுப்பத் தூண்டுகோலாக அமைந்தது. அடுத்த ஆண்டு, முப்பத்தைந்து வயதைக் கடந்திருந்த அந்த மனிதர், பாரியைத் தோற்கடித்திருந்த எகிப்தின் மஹ்மூத் கரீமை இறுதியாட்டத்தில் மூன்று நேர் செட்டுகளில் வென்று பட்டத்தைப் பெற்றார். அந்தப் பட்டத்தை மொத்தம் ஏழு முறை வென்றார். அவர் தம்பி ஆஸம், உறவினர் ரோஷன், ரோஷனின் புதல்வர் ஜஹாங்கீர் என்று அந்த வம்சம் தொடர்ந்து, ஜஹாங்கீர் 1982 முதல் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் அதே பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார். பெஷாவர் கிளப்பின் அங்கத்தினர்களாக இருந்த அதிகாரிகளில் ஒருவரையேனும் இன்று ஸ்குவாஷ் உலகம் ஸ்மரிப்பதாக நான் அறியேன்.

சென்னையின் கதை வேறு விதமானது. 1846-இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில், ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் அமர்ந்து உண்ண நேர்ந்ததைச் சகியாமல், புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார் என்பது கிரிக்கெட் பிரியர்கள் அறிந்ததே. அவர் 1908-இல் காலமானார். ஆனால் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையே அவர் விரும்பிய பந்தயம், பிற்காலத்தில் பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் நடந்த பிரசித்தமான ராஜதானிப் பந்தயமாக வளர்ந்தது. அடைபட்ட கதவுக்கு வெளியே இன்னொரு மைதானத்தைச் சமைத்துக்கொள்ள கிரிக்கெட்டில் முடிந்தது. ஒரு வெட்டவெளி போதும்.

ஸ்குவாஷில் அது எளிதன்று. 32 அடி நீளமும் 21 அடி அகலமும் உள்ள, நான்கு புறமும் சுவர் சூழ்ந்த ஓர் அறை, வழுக்காத மரத்தரை, முன்சுவரின் அடியில் 19 அங்குல உயரத்துக்குத் தகரம் ஆகிய இவையெல்லாம் இருந்தாலன்றி ஆட்டமே இல்லை. அந்த அறையைக் கட்டும் சக்தி கிளப்புகளுக்கும் ராணுவத்துக்குமே இருந்தது. லண்டனின் ஃப்ளீட் சிறைச்சாலையில் கடனாளிக் கைதிகள் சுவரில் பந்தடித்து வளர்த்த ராக்கெட்ஸ் என்னும் ஆட்டத்திலிருந்து, ஹாரோ பள்ளி மாணவர்களின் கையில் கிளைத்த விளையாட்டு இது என்பதை எண்ணும்போது, ஏழைக் கைதிகளின் ஆட்டம் எவ்வளவு தூரம் செல்வர்களின் தனியுடைமையாகிவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டாகிறது.

கிளப்புகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜோஷ்னாவே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஆடுகளத்தில், தம் தந்தையாரின் பயிற்சியில், ஆடத் தொடங்கியவர். ஆனால் கிளப்பின் வாசலுக்கு வெளியே நின்ற குழந்தைகளுக்கு வழி திறந்தது, 2000-ஆம் ஆண்டளவில் சென்னை நேரு பூங்காவில் இந்திய ஸ்குவாஷ் அகாதெமி ஏற்பட்ட பிறகுதான். 2005-இல் ஜோஷ்னா பிரிட்டிஷ் ஜூனியர் பட்டத்தை வென்றதும், 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் அவரும் தீபிகா பல்லிகலும் தங்கம் பெற்றதும் இந்த நகரத்தின் பெருமைகள். அதே 2014-இல்தான் சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த காரணத்தால் ஒரு நீதிபதிக்கு அனுமதி மறுக்கப்பட்டு, சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டிவந்தது. வேட்டிக்குக் கதவு திறந்தது. குழந்தைகளுக்கு இன்னும் திறக்கவில்லை.

2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம் பெறப்போகிறது. நம் ஊர்க் கிளப்புகளின் ஆடுகளங்களோ, காலையில் அங்கத்தினர்கள் அலுவலகம் புறப்பட்ட பின்னர் மாலைவரை பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. அந்த வேளையை அக்கம்பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒதுக்குவதில் எந்த அங்கத்தினருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. தரையில் கறை படியாத காலணியும், இரவல் மட்டைகளும், சில பந்துகளும், கற்றுக்கொடுக்கும் மார்க்கருக்கு அதற்கென ஒரு தனி ஊதியமும் இருந்தால் போதும். இதைச் செய்ய அரசாங்கத்தின் உத்தரவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வரும் மகாசபைக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து பிரேரணை கொண்டுவந்து, இன்னொருவர் ஆமோதித்தால் முடிந்துவிடும். அதே கூட்டத்தில், இதுவரை பணியாற்றிய மார்க்கர்களின் பெயர்களைப் பழைய சம்பளப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, தலைவர்களின் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகையில் எழுதி மாட்டவும் தீர்மானிக்கலாம். பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன், அவர்களை நேரில் அறிந்த முதியவர்கள் சிலரேனும் நம்மிடையே இருக்கும்போதே, அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.