அறுபதாயிரத்துக்கு அஞ்சு டாலர் கம்மி

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்று ஓர் ஊர். ஷெவர்லே கம்பெனியின் கார்வெட் என்கிற ஸ்போர்ட்ஸ் கார் அங்கேதான் தயாராகிறது. பக்கத்திலேயே கார்வெட்டுக்கென்று தனி மியூஸியம். 2014 பிப்ரவரியில் ஒருநாள் அதன் தரை வாயைப் பிளந்து எட்டு கார்களை லபக்கென்று விழுங்கிவிட்டது. அப்புறம் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அப்பேர்ப்பட்ட பக்தகோடிகள்!

இந்தப் பக்தர்களுக்கு ஏறக்குறைய அறுபது வருஷமாக ஒரே கேள்வி. எஞ்சின் எப்போது நடுவுக்கு வரும்?

மாட்டு வண்டி ஓட்டினவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் சமாசாரம் தெரியும். அதேதான். 1953-ல் பிறந்ததிலிருந்து கார்வெட்டுக்கு எஞ்சின் முன்னால், உந்தித் தள்ளுகிற சக்கரம் பின்னால். பவரைக் கூட்டிக்கொண்டே போனால் பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றும். எஞ்சினைத் தூக்கி டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பாரம் பின்னால் உட்கார்ந்து, சக்கரம் தரையைக் கவ்வும். ஃபெராரிக்காரன் எப்பவோ செய்துவிட்டான்.

ஸோரா ஆர்கஸ்-டன்டாவ் என்ற எஞ்சினீயர் இதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸில் முட்டி மோதினார். 1960-ல் ஒற்றை ஆள் உட்காரும் சோதனைக் கார் ஒன்றைச் செய்தே காட்டினார். 1970-ல் நியூயார்க் கண்காட்சியில் இன்னொன்று. ‘இதோ வந்தாச்சு’ என்றார்கள். வரவில்லை. நன்றாக விற்கிறதை எதற்கு மாற்றணும் என்பது மேலிடத்துக் கணக்கு. மனுஷர் 1975-ல் ரிடையராகி, 1996-ல் காலமாகிவிட்டார். அஸ்தி அந்த மியூஸியத்தில் இருக்கிறது.

அப்புறம் ஒருவழியாகக் கம்பெனி நிஜமாகவே ஆரம்பித்தது. ரகசியம் வெளியே போகக்கூடாதென்று முதல் சோதனைக் காருக்கு ஆஸ்திரேலிய பிக்கப் வண்டி மாதிரி வேஷம் போட்டார்கள். அடுத்து வந்தவற்றுக்குக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் போட்ட போர்வை. ரோட்டோரத்தில் காமிராவோடு பதுங்கிக் கிடந்தவர்கள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு ரசிகர்கள் செய்த ஆராய்ச்சி இருக்கிறதே, கல்வெட்டு படிக்கிறவர்கள் தோற்றார்கள்! பின்விளக்கு மறுபடி வட்டமாக வரும் என்று ஒரு கட்சி. கியர் போட மூணாவது பெடல் கட்டாயம் இருக்கும் என்று ஒரு கட்சி. ‘ஸோரா’ என்றுதான் பெயர் வைப்பார்கள், கம்பெனி அந்தப் பெயரைப் பதிவு பண்ணியாச்சே என்று இன்னொரு கட்சி.

எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. நான் பி.காம். விலை என்ன சொல்லுங்கள்?

அங்கேதான் அடிதடியே. எஞ்சின் நடுவில் இருக்கிற அகுரா என்எஸ்எக்ஸ் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். ‘ஆகவே இதுவும் லட்சத்தைத் தாண்டும்’ என்றார்கள் பாதிப் பேர். காஸ்ட் அக்கவுண்டன்ஸி படித்தவன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். 2015-ல் பௌலிங் கிரீனில் புது பெயிண்ட் ஷாப்புக்கு மட்டும் 43.9 கோடி டாலர் ஒதுக்கியது ஜெனரல் மோட்டார்ஸ். என்எஸ்எக்ஸ் மாதிரி வருஷத்துக்குச் சில நூறு கார் விற்று அந்தப் பணத்தை எப்படி எடுப்பது? 2018-ல் அமெரிக்காவில் மட்டும் 18 ஆயிரத்துக்கு மேல் கார்வெட் போனது. அந்த எண்ணிக்கை குறையக்கூடாதென்றால், பழைய மாடலின் ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சத்தை விட்டு ரொம்ப தூரம் ஓட முடியாது.

வெட்டி அரட்டை என்று நினைத்துவிடாதீர்கள். கார்வெட் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டுக்கடன் அடைத்து, அதற்கப்புறம் தனக்கென்று ஒரு ஆசை. புதுசு லட்சம் டாலர் என்றால், இருக்கிற பழைய மாடலையே இப்போது வாங்கிவிடுவது உத்தமம். அறுபதாயிரம் என்றால் காத்திருக்கலாம். ஆனால் முப்பது வயதுக்காரன் இரண்டு வருஷம் காத்திருப்பதும், முட்டிவலியோடு அறுபத்தெட்டு வயதுக்காரர் காத்திருப்பதும் ஒன்றா? தரையோடு தரையாக இருக்கிற சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவும் வேணுமே!

2019 ஏப்ரலில் கம்பெனித் தலைவி மேரி பார்ரா போர்வை போட்ட காரில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வந்து இறங்கினார். காரின் கதவில் ஒரு தேதி மட்டும். ஜூலை 18 அன்று கலிஃபோர்னியாவில் டஸ்டின் என்ற ஊரில், கடற்படை வான்கப்பல் நிறுத்தி வைத்திருந்த பழைய கொட்டகையில் திரை விலகியது. வட்ட விளக்கு இல்லை. மூணாவது பெடல் இல்லை. எட்டு கியரும் தானே மாறும். பெயர் ஸ்டிங்ரே. கடைசியில் விலை: அறுபதாயிரத்துக்குள்! கொட்டகை அதிர்ந்தது. அச்சில் வந்தபோது 59,995. அசல் பாட்டா விலை.

பாட்டா விலைக்கு உண்டான சுளுவும் உண்டு. கொஞ்சம் சொகுசு சேர்த்த மாடல் 67,295. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 71,945. நடுவில் நாற்பது நாள் தொழிலாளர் ஸ்டிரைக். 2020 பிப்ரவரியில்தான் ஃபாக்டரி ஓட ஆரம்பித்தது, மார்ச்சில் கொரோனா வந்து மூடிவிட்டது. கேட்பவர்கள் ஏகப்பட்ட பேர், கார் கம்மி. பட்டியல் விலைக்கு மேலே கேட்ட டீலர்கள் ஊருக்கு ஊர். 2021 மார்ச்சில் கம்பெனியே ஆயிரம் டாலர் ஏற்றியது.

வரிசையில் முதல் காரை மட்டும் 2020 ஜனவரியில் ஏலம் விட்டார்கள். குழந்தைகள் நிதிக்காக. முப்பது லட்சம் டாலருக்குப் போனது. லட்சத்தைத் தாண்டும் என்று சொன்ன கட்சிக்காரர்கள் இன்றைக்கும் இதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.