இறங்குமுன், ஏறியபின்

மன்னார்க் கரையில் முத்துச் சிலாபம் நடந்த காலத்தில், கடல்கட்டி எனப்படும் மந்திரக்காரர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டாமல் சுழியோடிகள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமாருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுழியோட்டம் இல்லையென்றால் வருமானமும் இல்லையே, பொறுத்துக்கொண்டார்கள். அந்தத் துரைமாரில் ஒருவரான எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் ஒரு வேடிக்கை சொல்கிறார்: அந்தக் கடல்கட்டிப் பரம்பரையின் அன்றைய தலைவர் ஒரு கத்தோலிக்கராம். ஆள் எந்தச் சமயமென்றாலும் மந்திரம் பலிக்கும் என்பதே எல்லோருடைய நினைப்பும். மன்னார்க்காரருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

எனக்கு முத்தைவிட இந்த ஏற்பாட்டில்தான் ருசி. சுழியோடியின் வேலை ஒன்றே: கல்லோடு இறங்கி, ஒரு நிமிடமளவு மூச்சடக்கி, சிப்பி அள்ளி, கயிற்றை இழுத்துச் சைகை காட்டி மேலே வருவது. இறங்குமுன் கடல்கட்டி. கரை சேர்ந்தபின், கொட்டு என்ற அடைப்புக்குள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. பிறகு ஏலம். பங்கு வீதத்தை மாற்ற நினைத்தால் கொட்டுக்குள் மாற்றினால் போதும். கடலுக்கடியில் யாரும் எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

மென்பொருள்காரர்கள் ஆஸ்பெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். வங்கியொன்றின் நிரலில் பணம் மாற்ற ஒரு பங்ஷன், மீதி காட்ட இன்னொன்று என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றிலும் அனுமதியைச் சரிபார்க்க வேண்டும், யார் எப்போது வந்தார் என்று பதிய வேண்டும். அதே நாலு வரியை நூறு இடத்தில் ஒட்டினால், மாற்றும்போது ஓரிடமாவது தப்பிவிடும். ஆகவே பங்ஷனைத் தொடாமல், அதைச் சுற்றி ஓர் உறை. ஜெராக்ஸின் பார்க் ஆய்வுகூடத்தில் கிரெகர் கிச்சாலெஸ் குழுவினர் 1997இல் இதற்குப் பெயரும் இலக்கணமும் கொடுத்தார்கள். இந்த முறைக்கான ஆஸ்பெக்ட்ஜே என்ற நிரல்மொழி அங்கிருந்து வந்தது. யோசனை அதற்கும் மூத்தது: லிஸ்ப் மொழியின் பங்ஷன்களுக்கு முன்னும் பின்னும் வேலை சேர்க்கும் வழியை வாரன் டைடல்மன் 1966இலேயே எம்ஐடி ஆய்வேட்டில் காட்டிவிட்டார்.

ஆஸ்பெக்ட்ஜேயில் உறை வேறு கோப்பில் இருக்கலாம். 'செட்' என்று தொடங்கும் பங்ஷன்கள் எல்லாவற்றுக்கும் இதைப் போர்த்து என்று ஒரு விதி எழுதிவிடலாம். அழகுதான். ஆனால் யாரோ ஒருவர் பங்ஷனின் பெயரை மாற்றுகிறார். உறை சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது. 2004இல் வந்த பைதான் மொழியின் 2.4 பதிப்போ, டெக்கரேட்டர் என்ற உறையைப் பங்ஷனின் தலைக்குமேலேயே எழுத வைத்தது. ஒவ்வொன்றுக்கும் எழுதுவது கைவேலைதான், ஆனாலும் என் வாக்கு அதற்கே. வாசிக்கிறவர் கண்ணில் படுகிறதே.

கண்ணில் பட்டாலும் வரிசை காலை வாரும். விடையைச் சேமித்துவைத்து அடுத்த முறை உடனே தரும் உறை ஒன்று, அனுமதி பார்க்கும் உறை ஒன்று என்று வையுங்கள். சேமிப்பு உறை வெளியே இருந்தால், அனுமதியுள்ளவர் ஒருமுறை கேட்டுப் பெற்ற சம்பள விவரம் அதில் தங்கிவிடும். அடுத்து அதையே கேட்பவருக்கு அனுமதி இருக்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். கேள்வி அனுமதி உறை வரை போகவே போகாது. இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பாருங்கள், இரண்டும் சரியாகவே ஓடும்.