பத்தாவது சாவுக்குக் காத்திருக்க மாட்டோம்

தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு. மூன்று ஆண்டுகளில் அங்கே உயிர்ப்பலியோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் குறைந்தது ஐந்து நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பத்துப் பேராவது செத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் ‘கரும்புள்ளி’ என்று ஏட்டில் ஏறும். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகுத்த வரையறை இது. எங்களில் சிலர் இதை சிவில் வகுப்பில் நடத்துகிறோம். மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஒன்பது பேர் செத்த இடத்துக்கு என்ன பெயர் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

நிதி குறைந்த நாட்டில் எங்கே முதலில் செலவழிப்பது என்று முடிவுசெய்ய ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும். அதை மறுக்கவில்லை. ஆனால் செத்தவர்களை எண்ணி முடித்த பிறகுதான் சாலையைத் திருத்துவோம் என்பது கருமாதிக் கணக்கு. அதற்குப் பொறியியல் படிக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கை ஏற்காதவர்கள் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்குகிறோம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் இருக்கிறோம். மில் தொழிலாளர்கள், ஆட்டோ, மினி பஸ் ஓட்டுநர்கள், சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றிப்போகும் வேன்காரர்கள், ஆம்புலன்ஸில் வேலைபார்ப்பவர்கள், சாலையோரம் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறோம். இயக்கத்துக்குப் பெயர் வைப்பதில் சண்டை வந்துவிட்டது. ஆகவே பெயர் பிறகு.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரே சாலை. திருமங்கலத்தில் தொடங்கி டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. பழைய ஆட்கள் இன்னும் 208 என்றுதான் சொல்வார்கள். கேரளாவுக்கு லோடு ஏற்றிய டாரஸ் லாரியும், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் ஆளும், பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்லும் இதே தாரில்தான் போக வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் கோவில் வண்டிகள். தையில் திருச்செந்தூருக்கு இரவெல்லாம் நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம். ஆடியில் இருக்கன்குடிக்கு நடப்பவர்கள், சதுரகிரிக்குப் போகிறவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். அமைச்சகத்தின் கணக்கில் 24 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் தன் பத்துப் பேருக்காகக் காத்திருந்தால் 240 உயிர்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதும்போது கைபழகிய ஒரு தொடர் உண்டு: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’. பல வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தத் தொடரோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எரியாத விளக்கு, கிளைச்சாலை பிரியும் விலக்கை மறைத்து நிற்கும் விளம்பரப் பலகை, கோடு அழிந்த வளைவு, தார் முடியும் இடத்தில் சட்டென்று பள்ளமாகிற மண் ஓரம் இவை எதுவும் கூண்டில் ஏறுவதில்லை. கவனக்குறைவால் சாவு விளைவித்த ஓட்டுநருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. சாலையை வடிவமைத்தவரோ போட்டவரோ பராமரிப்பவரோ தரவிதிகளைக் கைவிட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால்? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதுவும் யாராவது வழக்கை அதுவரை இழுத்துக்கொண்டு போனால். எங்கள் முதல் கொள்கை இதுதான்: ஓட்டுநரை விசாரிக்கும் அன்றே சாலையையும் விசாரிக்க வேண்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. வில்லியம் ஹேடன் என்ற அமெரிக்க மருத்துவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே விபத்தை நோய்போலப் பிரித்துப் பார்த்தார். மோதலுக்கு முன், மோதும் நேரம், மோதிய பின் என்று மூன்று வரிசை. மனிதர், வண்டி, சூழல் என்று பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் தடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்று காட்டினார். 1997இல் சுவீடன் நாடாளுமன்றம், சாலையில் ஒருவரும் சாகாத நிலையையே நாட்டின் இலக்காக ஏற்றது. மனிதன் தவறு செய்வான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு உயிரைக் குடிக்காதபடி சாலையைப் போடு என்பது அதன் பொருள்.

நம் நாட்டில் டெல்லி ஐஐடியின் தினேஷ் மோகன், 2021 மே மாதம் கொரோனாவில் இறக்கும்வரை இதே கட்சிதான். ஹெல்மெட்டை ஆராய்ந்த அவரே, வடநாட்டுக் கிராமங்களில் தீவனம் வெட்டும் எந்திரத்தில் விரலும் கையும் இழந்தவர்களையும் ஆராய்ந்தார். ஜாக்கிரதையாக இரு என்று விவசாயிக்குப் புத்தி சொல்லி அனுப்பாமல், எந்திரத்தை எப்படி மாற்றுவது என்று பார்த்தார். உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட சாலைக் காயத் தடுப்பு அறிக்கையின் பதிப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். ஒரு பொறியியல் பேராசிரியரின் வாழ்க்கை இப்படியும் அமையலாம் என்பதற்கு அவரைத்தான் முன்னால் வைக்கிறோம்.

ஏனென்றால் இன்று நெடுஞ்சாலைப் பாடம் நடத்தும் ஒருவரின் பிழைப்பு வேறு தடத்தில் ஓடுகிறது. ஜல்லியை லாஸ் ஏஞ்சலஸ் எந்திரத்தில் சுற்றித் தேய்மானம் பார்க்கிறார். மார்ஷல் சோதனையில் தார்க்கலவையை நெரிக்கிறார். பிறகு முனைவர் பட்டம், ஸ்கோபஸ் இதழில் கட்டுரை, மேற்கோள் எண்ணிக்கை, தரவரிசைக்குக் கொடுக்கப் புள்ளிவிவரம், பதவி உயர்வு. தார் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். கல்லூரி வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கும் மாணவி எத்தனை விநாடியில் சாலையைக் கடக்கிறாள் என்று அவர் அளந்தால் அது எந்தப் படிவத்திலும் ஏறாது. குறை ஆசிரியரிடம் இல்லை. எதற்கு மதிப்பெண் என்று வைத்திருக்கிறார்களோ அதைத்தான் எவரும் செய்வார். அதனால் மதிப்பெண்ணை மாற்றச் சொல்கிறோம். ஒரு விலக்கைத் திருத்தவைத்து, திருத்தும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைப் பொதுவில் வைக்கும் ஆசிரியருக்கு, அந்த வேலை வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரைக்குச் சமமாக எண்ணப்பட வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் வெளியில் காசு கொடுத்து வாங்கிவரும் புராஜெக்ட்டுக்குப் பதில், ஆளுக்கு 500 மீட்டர் சாலையை எடுத்துக்கொள்ளட்டும். ஜூனியர் அதே துண்டைத் தொடரட்டும். நாலு வருடத்தில் அந்தத் துண்டைப்பற்றி நெடுஞ்சாலைத் துறையைவிடக் கல்லூரிக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

என்ன அளப்பது? சாவை எண்ணாமல் ஆபத்தை எண்ண வழி இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் தொடங்கி, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் செம்மையான முறை அது. மோதியவற்றை விட்டுவிட்டு, மயிரிழையில் தப்பியவற்றை எண்ணுவார்கள். குறுக்கே போன வண்டி விலகிய அதே இடத்துக்கு அடுத்த வண்டி எத்தனை விநாடியில் வந்து சேர்ந்தது? ஒன்றரை விநாடிக்குக் கீழே போனால் அது மோதலின் விளிம்பு என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விலக்கைப் பார்த்த ஒரு மொட்டை மாடி, முக்காலியில் ஒரு கைபேசி. விநாடிக்கு 30 படம் பிடிக்கும் கைபேசியில் ஒன்றரை விநாடி என்பது 45 படம். நிறுத்தி நிறுத்தி எண்ணிவிடலாம். சர்வே கேம்ப்புக்கு மட்டும் வெளியே வரும் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்துத் தூரங்களைக் குறிக்கலாம். விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து பிரேக் சத்தம் வரும் என்று தெரியும். அவர் சொல்வதற்கும் எங்கள் படிவத்தில் ஒரு பத்தி உண்டு. படமும் அவர் வாக்கும் ஒத்துப்போகாத இடத்தில் மறுபடி போய்ப் பார்ப்போம்.

இப்போது நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். சாவு விழுந்ததும் மறியல். அதிகாரி வருவார், பேசுவார், கூட்டம் கலைந்துபோகும். விடிவதற்குள் ஒரு வேகத்தடை முளைத்திருக்கும். சாலைத் தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மெல்ல ஏறி இறங்கும் வளைவு, மேலே வண்ணக்கோடு, முன்னால் எச்சரிக்கைப் பலகை. ராத்திரியில் முளைப்பதோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும், கோடும் இருக்காது. பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்ணை அதுவே தூக்கி எறியும். கோபத்துக்குக் கொடுத்த பதில் அடுத்த விபத்துக்கு இடம் போட்டுவிடுகிறது. மறியல் செய்கிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் ஒரு வரைபடம் இருந்திருந்தால் வேறு கேட்டிருப்பார்கள். அந்த வரைபடத்தைப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை.

அதே சாலைக் காங்கிரஸின் அட்டவணைப்படி, 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு வண்டியை நிறுத்தி முடிக்க 80 மீட்டர் தேவை. 40 கிலோமீட்டர் என்றால் 45 மீட்டர் போதும். விலக்கில் 80 மீட்டருக்குப் பார்வை தெளியவில்லையா, மறைப்பதை எடு. எடுக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வை. ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை நட்டால் யாருடைய காலும் ஆக்சிலேட்டரைவிட்டு எழாது. சாலையின் அகலமும் திருப்பமும் நடுத்திட்டும் சொன்னால் எழும்.

வண்டிக்கு ஏற்றபடி தெருவைத் தயார்செய்வது இந்த ஊருக்குத் தெரியாத வித்தை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நடந்து போகும் வேகத்தில்தான் போகிறது. ஆனாலும் அதற்கு முன்பே ரத வீதியின் குழிகளை மூடுகிறார்கள், கம்பிகளைக் கழற்றுகிறார்கள், மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் கூடவே வருகிறார்கள். வடம் பிடிப்பவர்கள் கவனமாக இழுத்தால் போதும் என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அந்தப் புத்தியை ஊர் எல்லைக்கு வெளியிலும் கொண்டுபோகச் சொல்கிறோம்.

திருமங்கலம் முதல் ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலை வருவதை வரவேற்கிறோம். லாரிகள் ஊருக்குள் குறையும். ஆனால் புதுச்சாலையும் பழைய சாலையும் சேரும் இடங்களில் வேகம் கூடும். மாட்டோடும் சைக்கிளோடும் கடக்க வேண்டிய கிராமங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவோம்.

தேவையில்லாத காரியம் என்பவர்களுக்கு அரசுக் கணக்கையே காட்டுகிறோம். தமிழ்நாட்டுச் சாலைகளில் 2016இல் 17,218 பேர் செத்தார்கள். 2022இல் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். அடுத்த ஆண்டு 18,347 சாவுகள். அப்படியே விட்டால் குறையாது என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. இந்திய அளவில் 2022இல் செத்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். காருக்காகப் போடப்படும் சாலையில் கார் இல்லாதவர்கள்தான் அதிகம் சாகிறார்கள்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும். பேரணி, ஓவியப் போட்டி, உறுதிமொழி, குழுப்படம். அவற்றில் நாங்கள் இருக்க மாட்டோம். ஹெல்மெட் போட வேண்டும், குடித்துவிட்டு ஓட்டக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதைச் சொல்ல ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். சாலை ஒப்பந்தக்காரரிடமும் வண்டிக் கம்பெனியிடமும் பணம் வாங்க மாட்டோம். (நகைக்கடை விளம்பரம் எழுதிய பேரிகார்டு எங்களுக்கு வேண்டாம், ரிஃப்ளெக்டர் ஒட்டிய பேரிகார்டு வேண்டும்.) அடிபட்டவர்களின் படத்தைப் பரப்ப மாட்டோம், பெயரை வெளியிட மாட்டோம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனவரை அதற்காகப் பொறுப்பாளி ஆக்கவோ, விருப்பமில்லாமல் சாட்சி சொல்ல வைக்கவோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. இரண்டையும் கடை கடையாகப் போய்ச் சொல்வோம்.

ஒரு விலக்கில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி ஒன்றியம், மின் வாரியம், காவல்துறை என்று எத்தனையோ சொந்தக்காரர்கள். மனு கொடுத்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அதனால் தனித்தனியாக மனு கொடுக்கப் போவதில்லை. ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு, விலக்கு ஒன்றுக்கு ஒரே தாள்: ஒருபுறம் எண்ணிக்கை, மறுபுறம் வரைபடமும் செலவு மதிப்பீடும், யார் எதைச் செய்ய வேண்டும் என்ற பெயர்ப்பட்டியலும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாளின் நகல் அதே விலக்கில் ஒட்டப்படும்.

முதல் கணக்கெடுப்பு கிருஷ்ணன்கோவிலில், வத்திராயிருப்புக்குப் பிரியும் விலக்கில். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிக் கடக்கும் இடம் அது. அமாவாசையன்று எண்ணுவதோடு, முந்தின வாரத்தில் சாதாரண நாள் ஒன்றிலும் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. விலக்கைப் பார்த்த மாடி வைத்திருப்பவர்கள் ஒரு மூலை தந்தால் போதும். கைபேசிக்கு முக்காலி, சார்ஜர், தொப்பி, தண்ணீர் அவரவர் கொண்டுவர வேண்டும். எண்ணுகிறவர்கள் தாருக்கு இந்தப்பக்கம் நின்றே எண்ண வேண்டும். நடுவில் இறங்கி வண்டியை நிறுத்தும் வேலை காவலருடையது.